வழக்கு முடியும்வரை அந்தக் கட்டில்

துவாஸில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் தங்க இடமில்லாமல் போகாது என்று சிங்கப்பூரில் பலரும் உறுதியாக நம்புகிறார்கள். தேக்காவின் சாப்பாட்டுக் கடையில் பேச்செடுத்தாலும், கம்பெனி நிர்வாகியிடம் கேட்டாலும், விடுதி நடத்துபவரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். இடம் கொடுக்க வேண்டியது முதலாளி. அப்படித்தான் சட்டம் சொல்கிறது. அவர் கொடுக்காவிட்டால் மனிதவள அமைச்சு கேட்கும். அதையும் தாண்டி ஏதாவது நடந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம் பார்த்துக்கொள்ளும். இதில் விடுதிக்காரருக்கு என்ன வேலை, அவர் கட்டிலை வாடகைக்கு விடுகிறவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்த வாக்கியங்கள் எல்லாமே உண்மை. ஆனால் இவற்றைக் கூட்டி, யாரும் தெருவுக்கு வருவதில்லை, விடுதி நடத்துவோர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று எடுக்கும் முடிவு தவறு. எத்தனையோ காயம்பட்ட மனிதர்களை இந்த முடிவு அலைய விட்டிருக்கிறது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நல்ல சட்டம். வேலை அனுமதியில் வரும் ஊழியரின் உணவு, இருப்பிடம், மருத்துவம் எல்லாவற்றுக்கும் முதலாளியே பொறுப்பு. மலேசியர் அல்லாத ஒவ்வோர் ஊழியருக்கும் அவர் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுத்தாக வேண்டும். சம்பள பாக்கிக்கோ வேலையிடக் காயத்துக்கோ இழப்பீடு கேட்டு ஊழியர் காத்திருக்கும் காலத்திலும், பெர்மிட் ரத்தான பிறகும்கூட, அந்தப் பொறுப்பு முதலாளியை விட்டு நீங்குவதில்லை. வேலை அனுமதி விதிமுறைகள் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்காக இப்படி ஒரு வாசகம் எழுதப்பட்டிருப்பதே பெரிய காரியம்.

ஆனால் அந்த வாசகம் கட்டிலை யார் கையில் கொடுக்கிறது? சம்பளம் தரவில்லை என்று யார்மீது புகார் போயிருக்கிறதோ அவர் கையில். கை நசுங்கியதற்கு யாருடைய அலட்சியம் காரணம் என்று விசாரணை நடக்கிறதோ அவர் கையில். புகார் கொடுத்தவர் இன்றிரவு எங்கே படுப்பார் என்பதைப் புகாருக்கு ஆளானவர் தீர்மானிக்கிறார். அடித்த கணவன்மீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பெண்ணை, அந்த வீட்டிலேயே போய்ப் படுத்துக்கொள், சோறும் அவனே போடுவான் என்று ஒருவர் அனுப்பிவைத்தால் நாம் பொறுத்துக்கொள்ள மாட்டோம். ஊழியர் விஷயத்தில் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

துவாஸ் தீவின் மேற்குக் கோடி. கப்பல் பட்டறைகள், இரும்புக் கட்டமைப்புத் தொழிற்சாலைகள், ரசாயனக் கிடங்குகள், 1998இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம், 2022 செப்டம்பரில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டு 2040களில் முழுமை பெறப் போகும் பெருந்துறைமுகம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி அங்கே கிடையாது. இருக்கும் வீடு என்றால் ஊழியர் விடுதிதான். துவாஸ் வியூ விடுதியில் மட்டும் 16,800 கட்டில்கள். நாட்டின் மிகப் பெரிய விடுதிகளில் ஒன்று அது. தமிழ்நாட்டின் ஒரு சிறிய பேரூராட்சி முழுவதும் ஒரே நுழைவாயிலுக்குள் அடங்கியது போன்ற கூட்டம்.

அங்கே தங்கியிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மன்னார்குடிப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து கை நசுங்குகிறது. மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, மருத்துவ விடுப்பு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் அவர் மனு கொடுக்கிறார். காயம் ஆறி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் நிரந்தர இயலாமை எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிட முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்கிறது; கையில் ஸ்பெஷல் பாஸ் வருகிறது. அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம். பொதுவாக வேலை செய்ய முடியாது. ஆக, வருமானம் நின்றுவிட்டது, ஊரில் கடன் நிற்கவில்லை, இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் கட்டில்.

அந்தக் கட்டிலில் அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ஏதும் இல்லை. விடுதி ஒப்பந்தம் போட்டிருப்பது கம்பெனியோடு. வாடகை கட்டுவது கம்பெனி. யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலைக் கொடுப்பதும் கம்பெனி. ஊழியர் வாடகைதாரர் இல்லை. இன்னொருவர் எடுத்த இடத்தில் படுத்திருப்பவர். பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டால் நுழைவாயிலின் தானியங்கித் தடுப்பு திறக்காது. விடுதிக் காவலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுத்த பட்டியலில் இந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பல வேளைகளில் கதவு மூடும்வரைகூடப் போவதில்லை. ஊழியரே கிளம்பிவிடுகிறார். புகார் கொடுத்த மறுநாள் சூப்பர்வைசர் அறைக்கு வந்து பேசும் தொனி, விடிகாலையில் வேனில் ஏற்றி விமான நிலையம் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம், அதே அறையில் படுத்திருக்கும் மற்ற பதினோரு பேரும் அதே கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறார்கள் என்ற நெருக்கடி. காயம்பட்டவர்கள் விடுதியை விட்டு ஓடிவருவதை டிடபிள்யூசி2 போன்ற ஊழியர் நல அமைப்புகள் ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்துவருகின்றன. இங்கேதான் பொது நம்பிக்கை வழி தவறுகிறது. முதலாளி கட்டில் கொடுத்தார், ஊழியர்தான் வேண்டாமென்று போய்விட்டார் என்று கோப்பில் எழுதப்படுகிறது. பயந்து வெளியேறியவரை விருப்பப்பட்டு வெளியேறியவராகக் கணக்கில் வைத்துக்கொண்டு, யாரும் வீடிழக்கவில்லை என்கிறோம்.

கிளம்பியவர் எங்கே போகிறார்? துவாஸ் லிங்க் நிலையத்தில் ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து, லிட்டில் இந்தியாவுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரரைப் பார்க்கும் இடம் என்பதால் மட்டும் இல்லை. மனிதவள அமைச்சின் சேவை நிலையம் பெண்டமியர் சாலையில் இருக்கிறது. 2008 முதல் டிடபிள்யூசி2 இலவச உணவு கொடுத்துவருவது இந்த வட்டாரத்தில்தான். வழக்கறிஞர், மருந்தகம், செல்போன் கடை, கடன் கேட்கக்கூடிய தெரிந்த முகம் எல்லாம் இங்கே. சாப்பாடு கிடைத்துவிடும். படுக்கைதான் சிக்கல்.

வீவக வீட்டில் அறை எடுக்க முடியாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறை, உற்பத்தித் துறை ஆகியவற்றில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியர் அல்லாதோருக்கு வீவக வீட்டை வாடகைக்கு விட அனுமதியில்லை. மிஞ்சுவது ரோவல் சாலை, டெஸ்கர் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளின் மாடி. அங்கே அறை வைத்திருப்பவருக்கோ வேறு பயம். வாடகைக்கு விடுமுன் பாஸின் மூலத்தைப் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு ஒப்பிட வேண்டும், அதை வழங்கிய அமைப்பிடம் சரிபார்க்க வேண்டும். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்ததாகிவிட்டால் தண்டனை கடுமை. ஸ்பெஷல் பாஸ் முறையான பாஸ்தான். ஆனாலும் குறுகிய காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் தயங்குகிறார். நான் அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். இவருக்கு இடம் கொடுக்கலாம், இத்தனை மாதத்துக்கு வாடகைக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட ஓர் அமைப்பு முன்வந்தால், அந்தத் தயக்கத்தில் பாதி அன்றைக்கே தீரும்.

நம் ஊரில் இது புதிய யோசனையும் இல்லை. குடிமக்கள் விஷயத்தில் சிங்கப்பூர் இந்த வழியில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டது. 2019இல் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கோக் ஹோ நாடு முழுவதும் இரவில் ஆட்களை அனுப்பித் தெருவில் உறங்குவோரை எண்ணினார். 921 முதல் 1,050 பேர் வரை என்று கணக்கு வந்தது. சிங்கப்பூரில் வீடற்றோர் இல்லை என்று அதுவரை சொல்லிவந்த பலர் வாயடைத்துப் போனார்கள். அதே ஆண்டு சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு பியர்ஸ் கட்டமைப்பைத் தொடங்கியது. தேவாலயம், மசூதி, கோயில், சமூக அமைப்பு என இடம் வைத்திருப்போர் இரவில் கதவைத் திறந்துவைத்து, படுக்க வருபவரைச் சமூக ஊழியரோடு இணைத்துவிடும் ஏற்பாடு அது. 2022இல் அமைச்சே நடத்திய கணக்கெடுப்பில் எண்ணிக்கை 530. இடம் வைத்திருப்பவரும் உதவி செய்பவரும் கைகோத்தால் பலன் உண்டு என்பதற்கு வெளிநாடு போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. தலைக்கு மேல் கூரை முதலில், மற்ற சிக்கல்கள் பிறகு என்பதைக் குடிமகனுக்கு ஏற்றுக்கொண்ட நாம் துவாஸ் ஊழியருக்கு ஏன் மறுக்கிறோம்? நண்பனின் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து ஒளிந்து படுப்பவர் எந்தத் தெருக் கணக்கெடுப்பிலும் அகப்பட மாட்டார். அதனால் அவர் வீடு உள்ளவராகிவிட மாட்டார்.

வேலையோடு வீட்டைக் கட்டிப்போட்டால் என்னவாகும் என்பது மற்ற எவரையும்விடத் தமிழருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டு வரலாறு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் லயக் காம்பரா துரையுடையது. பேர் பதிந்திருக்கும் வரைதான் குடும்பத்துக்குக் கூரை. 1946இல் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு எடுத்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் தாங்கள் பிறந்து வளர்ந்த லயங்களிலேயே அத்துமீறிக் குடியிருப்பவர்கள் ஆனார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது அதற்காகத்தான். மலாயாவில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. நகர ஓரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளில் தமிழர் வந்து ஒதுங்கிய கதை அங்கே தொடங்குகிறது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். தளத்தை விட்டுப் போவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்ததும், செம்பவாங் கடற்படைத் தளத்தின் குவாட்டர்ஸ்களில் தலைமுறையாக வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு வேலையோடு சேர்ந்து வீடும் கேள்விக்குறியானது. இத்தனையும் பார்த்தபின், கட்டில் முதலாளி கையில் இருந்தால்தான் ஊழியருக்குப் பாதுகாப்பு என்று நம்மில் யாரும் சொல்லக் கூடாது.

இனி, அடிக்கடி கேட்கும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். விடுதிக்காரர் தொழில் செய்கிறார், சத்திரம் நடத்தவில்லை என்பது அது. சரி, தொழில்தான். ஆனால் எப்படிப்பட்ட தொழில்? அவருடைய வாடிக்கையாளரை உருவாக்கிக் கொடுப்பதே அரசின் விதிகள். கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் இருக்கும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு வீவக வீட்டுக் கதவு மூடியிருப்பதால்தான் விடுதிக் கட்டில் நிரம்புகிறது. அவர் உரிமம் பெற்று நடத்துகிறார். 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிச் சட்டம் முதலில் ஆயிரமும் அதற்கு மேலும் கட்டில் உள்ள விடுதிகளுக்கு மட்டும் என்றிருந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு கட்டில் இருந்தாலே உரிமம் வேண்டும். ஒரு காலத்தில் மாதம் 300 வெள்ளி அளவில் இருந்த கட்டில் வாடகை, கொவிட்டுக்குப் பிறகு தட்டுப்பாட்டில் 400, 500 வெள்ளி என்று ஏறியது. வெஸ்ட்லைட் விடுதிகளை நடத்தும் செஞ்சூரியன் போன்ற நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இருக்கின்றன. லாபம் பார்ப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் மனிதர் வேறெங்கும் போக முடியாதபடி அமைந்த சந்தையில் உரிமம் பெற்று விற்பவரை, தெருமுனையில் உபரி அறையை வாடகைக்கு விடும் தனியாளோடு சேர்த்து எண்ணக் கூடாது.

விடுதிக்காரருக்குப் பொறுப்பு சுமத்தினால் தொழிலே படுத்துவிடும் என்று 2020க்கு முன்பும் சொன்னார்கள். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அந்த ஆண்டு கொவிட் பரவியபோது, ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலின் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட்டும் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன; விரைவில் எல்லா விடுதிகளும் அடைபட்டன. ஆண்டு முடிவில் அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதன் பிறகு புதிய விடுதிகளுக்கு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி என்று தரம் வந்தது. பழைய விடுதிகளும் 2027 முதல் 2030க்குள் இடைக்காலத் தரத்துக்கும் 2040க்குள் புதிய தரத்துக்கும் மாற வேண்டும். விடுதித் தொழில் படுத்துவிடவில்லை. சுவரையும் இடைவெளியையும் அளந்து விதி போடலாம் என்றால், அந்தக் கட்டிலில் இருப்பவரை எப்போது வெளியேற்றலாம், எப்போது கூடாது என்பதற்கும் விதி போடலாம்.

நான் கேட்பது இலவசக் கட்டில் இல்லை. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சம்பளப் புகாரோ காய இழப்பீட்டு மனுவோ பதிவான நாளிலிருந்து, அந்த ஊழியரின் கட்டிலுக்கான ஒப்பந்தம் கம்பெனியின் பெயரிலிருந்து ஒரு நிதியின் பெயருக்கு மாற வேண்டும். நிதி மாதா மாதம் விடுதிக்கு வாடகையைக் கட்டும்; கட்டிய தொகையை முதலாளியிடமிருந்து, தேவைப்பட்டால் அந்த 5,000 வெள்ளிப் பிணையிலிருந்து, அரசு வசூலிக்கும். சட்டப்படி அது அவர் கொடுக்க வேண்டிய காசுதான். ஊழியர் அதே விடுதியில் வேறு அறைக்கு மாறலாம், பயமிருந்தால் வேறு விடுதிக்குப் போகலாம். வழக்கு முடியும்வரை அவரை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்காது. விடுதிக்காரருக்கு இதில் நட்டம் எங்கே? இன்றைக்கு நொடித்துப்போன ஒரு கம்பெனியின் நாற்பது ஆட்கள் விடுதியில் இருந்தால் வாடகை பாக்கியைத் தேடி அலைவது அவர்தான். நிதி வந்துவிட்டால் வாடகைக்கு ஒருவர் பதில் சொல்வார்.

வாடகைக்கு விடுபவரின் பயத்தைப் பணத்தால் தணித்து அவரைப் பங்காளியாக்குவது பல இடங்களில் நடந்துவரும் காரியம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2018 முதல், அரசின் வாடகை உதவி பெறுவோருக்கு வீடு கொடுக்கும் உரிமையாளருக்கு இழப்பு ஏற்பட்டால் ஈடுசெய்ய ஒரு நிதி வைத்திருக்கிறது. பின்லாந்தில் 1985இல் தொடங்கிய ஒய் அறக்கட்டளை வீடுகளை வாங்கியும் கட்டியும் வீடற்றோருக்கு வாடகைக்கு விடுகிறது. 2008க்குப் பிறகு அந்நாட்டின் வீடற்றோர் எண்ணிக்கை பல ஆண்டுகள் குறைந்துவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நாடுகளின் சட்டம் வேறு, நம் நிலைமை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான தனித்தனி வீட்டுக்காரர்களின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இங்கே துவாஸில் ஒரு சில நிறுவனங்களோடு பேசினாலே பல்லாயிரம் கட்டில்கள் பேச்சுக்குள் வந்துவிடும். நம் வேலை அவர்களுடையதைவிட எளிது.

கட்டில் நிச்சயம் என்று தெரிந்தால் வழக்கை இழுத்துக்கொண்டே போவார்கள், பொய்ப் புகார் பெருகும் என்பார்கள். இதைச் சொல்பவர்கள் ஸ்பெஷல் பாஸில் ஒரு மாதம் எப்படிக் கழிகிறது என்று அருகிலிருந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். ஏஜென்டுக்கும் பயிற்சி நிலையத்துக்கும் சில லட்சம் ரூபாய் கட்டிவிட்டு வந்தவர், வட்டி ஏறிக்கொண்டிருக்க, சம்பளமில்லாமல் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருப்பதை அனுபவிப்பாரா? மனைவியிடமிருந்து வரும் அழைப்பை எடுக்கக் கூசுகிற நாட்கள் அவை. தாமதத்தால் பலனடைவது எதிர்த் தரப்பு. படுக்க இடமில்லாதவன் கேட்டதில் கால்வாசிக்குச் சமரசமாகிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். 2017இல் பூசல் தீர்வுக்கான முத்தரப்புக் கூட்டணியையும் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தையும் அமைத்தது நியாயம் விரைவாகக் கிடைக்க வேண்டும் என்றுதான். சமரச மேசையில் ஒரு தரப்பு இரவு எங்கே படுப்பது என்ற கவலையோடு உட்கார்ந்தால், அங்கே எட்டப்படுவதைச் சமரசம் என்று என்னால் ஏற்க முடியாது.

ஊருக்குப் போய் அங்கிருந்து வழக்கைப் பார்க்கலாமே என்பது இன்னொரு யோசனை. மருத்துவ மதிப்பீட்டுக்கு நேரில் வர வேண்டியவர், டைம் கார்டையும் சம்பளச் சீட்டையும் காட்டி வாதாட வேண்டியவர், மொழிபெயர்ப்பாளரின் உதவி தேவைப்படுபவர் மன்னார்குடியிலிருந்து அதைச் செய்ய முடியாது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறதே என்ற கேள்வி மரியாதையான பதிலுக்குரியது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் தொடங்கிய அந்த நிலையம், ஆதரவற்று வருபவருக்கு உணவும் தற்காலிக இடமும் கொடுக்கிறது. ஹோம், ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2 ஆகிய அமைப்புகள் செய்துவரும் பணிக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த உதவி எல்லாமே ஒருவர் விழுந்த பிறகு தாங்கிப் பிடிப்பது. அவர் விடுதியை விட்டு வெளியேறி, பல இரவுகளை எங்கெங்கோ கழித்து, யாரோ சொல்லி உதவி மையத்தைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்த பிறகே அது தொடங்குகிறது. அதுவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுத்துக் கொடுக்கப்படும் உதவி. ஊழியர் உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியதாக அது இல்லை. தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு, மீட்பவர்களைப் பாராட்டிக்கொண்டிருப்பது போதாது.

கட்டிலுக்குத் தட்டுப்பாடு, அவசரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு 2020 மார்ச்சை நினைவூட்ட விரும்புகிறேன். மலேசியா எல்லையை மூடியபோது, துவாஸ் பாலத்திலும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலும் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு அருகே சிலர் அட்டை விரித்துப் படுத்தார்கள். அந்தப் படங்கள் வெளியானதும் என்ன நடந்தது? ஜூரோங் ஈஸ்ட் விளையாட்டுக் கூடம் தற்காலிக நிவாரண மையமானது. ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு அரசு முதலாளிகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. ஹோட்டல், விடுதி, வாடகை அறை என்று இடம் வைத்திருந்தவர்களோடு அரசும் கம்பெனிகளும் சில நாளில் ஏற்பாடு செய்துகொண்டன. அடுத்த மாதமே விடுதிகளிலிருந்து ஆட்களை மாற்றக் காலியாக இருந்த வீவக புளோக்குகள், ராணுவ முகாம்கள், எக்ஸ்போ மண்டபம், உல்லாசக் கப்பல்கள்கூடக் கிடைத்தன. பொருளாதாரத்துக்கு அந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், நாட்டுக்குத் தொற்று பயமாக இருந்தது, இடம் கிடைத்தது. கை நசுங்கியவர் இனிப் பொருளாதாரத்துக்கு உடனடியாகத் தேவைப்பட மாட்டார் என்பதாலா அவருக்கு இடம் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு யாராவது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பணம் யார் கொடுப்பது என்பதற்கும் பதில் இருக்கிறது. கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் பெற்ற ஓர் ஊழியருக்கு 2024 ஜனவரி முதல் மாதம் 900 வெள்ளி, உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி லெவி அரசுக்குப் போகிறது. அந்த ஊழியரின் உழைப்பின்மேல் விதிக்கப்படும் தொகை அது. அடிப்படைத் திறன் பெற்ற ஒரே ஓர் ஊழியரின் ஒரு மாத லெவியில் ஒரு கட்டிலுக்கு ஏறத்தாழ இரண்டு மாத வாடகை கட்டிவிடலாம். லட்சக்கணக்கானோரின் பேரில் ஆண்டுக்கணக்கில் வசூலாகும் தொகையின் மிகச் சிறிய பங்கு போதும். முதலாளியிடமிருந்து மீட்கும் பணம் அதில் திரும்பச் சேரும்.

நம் சமூகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. தேக்காவில் கடைவீடு வைத்திருப்பவர்களில் தமிழர் குறைவில்லை. இந்து அறக்கட்டளை வாரியம், லிட்டில் இந்தியா வர்த்தகர் சங்கமான லிஷா, ஊர்ச் சங்கங்கள் எல்லாம் தீபாவளி ஒளியூட்டிலும் தைப்பூசத்திலும் இந்த ஊழியர்களின் கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்படுகின்றன. அவர்கள் உழைப்பில் வாங்கும் நகையும் புடவையும் மளிகையும் செரங்கூன் சாலையின் கல்லாப்பெட்டியை நிரப்புகின்றன. உரிமம் பெற்ற அமைப்பின் உத்தரவாதக் கடிதத்தோடு வரும் ஸ்பெஷல் பாஸ்காரருக்கு எங்கள் மாடியில் இரண்டு கட்டில் உண்டு என்று இவர்களில் பத்துப் பேர் பகிரங்கமாகச் சொன்னால் போதும். விதிகளுக்கு உட்பட்டு அது முடியுமா, எத்தனை பேர் வரை முடியும் என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும் மனிதவள அமைச்சிடமும் உட்கார்ந்து பேசலாம். 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவில் ஊழியர் கூட்டத்தைக் குறைக்க எத்தனை கூட்டங்கள் நடந்தன! அவர்களில் ஒருவருக்குப் படுக்க இடம் கொடுக்கவும் ஒரு கூட்டம் நடக்கட்டும்.

ஆனாலும் முதல் அடி விடுதிகளில்தான் விழ வேண்டும், ஏனென்றால் கட்டில் அங்கே இருக்கிறது. மனிதவள அமைச்சு தானே ஒரு நிறுவனம் அமைத்து, துக்காங் இன்னோவேஷன் லேனில் 2,400 கட்டில்களோடு ஒரு விடுதியைக் கட்ட முன்வந்தது. லாபக் கணக்குப் பார்க்காமல் புதிய முறைகளைச் செய்து பார்க்கவும் தொழிலுக்கு முன்மாதிரியாக இருக்கவும்தான் அது என்று சொல்லப்பட்டது. வழக்கில் இருப்பவருக்கென ஐம்பது கட்டிலை அங்கே ஒதுக்கி, இந்த நிதி முறையை ஓராண்டு நடத்திப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அமைச்சே விடுதிக்காரர், அமைச்சே உரிமம் கொடுப்பவர். தனியார் விடுதிகளைப் பொறுத்தவரை, 2027 முதல் பழைய கட்டடங்களை இடைக்காலத் தரத்துக்கு மாற்றச் சொல்லி உரிம நிபந்தனைகள் எப்படியும் திருத்தப்படப் போகின்றன. கழிவறை எத்தனை, அறைக்கு எத்தனை பேர் என்ற நிபந்தனைகளுக்குக் கீழே இன்னொன்றையும் எழுதுங்கள்: புகாரோ இழப்பீட்டு மனுவோ நிலுவையில் இருக்கும் ஊழியரை முதலாளியின் வாய்ச்சொல்லுக்காக வெளியேற்றும் விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது.